டோரீன் மிதித்தால்

செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் டோரீன் லொறிக்குள் ஏறுவாள். ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள். சேலையைச் செருகிக்கொண்டு வெறுங்காலைப் பிரேக்கின் மேல் வைப்பாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் பொகவந்தலாவையில் ஓடுகிற பாதி லொறிகளின் பிரேக்கை அவள் கால் அறியும்.

மற்ற நாட்களில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் புருசன் சிறிலின் கராஜ். பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் மிதித்துப் பிடிக்க, சக்கரத்தடியில் ஒருவர் படுத்துத் திருகைத் திறக்கவேண்டும்.

"அமுக்கு புள்ள!"

"அமுக்கிட்டேன்."

"புடி... புடி... நேத்து கறியில உப்பு எங்க போச்சு?"

"கால எடுக்கட்டா?"

எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். "இல்ல தங்கம், கறி நல்லாத்தான் இருந்துச்சு" என்று லொறிக்கடியிலிருந்து குரல் வரும்.

போன ஆவணியில் தோட்டத்து லொறியின் மாஸ்டர் சிலிண்டர் செத்துப்போனது. சக்கரங்களுக்குப் பிரேக் எண்ணெயைத் தள்ளுவது அதுதான். மறுநாள் டிரைவர் கணேசமூர்த்திக்குக் கல்யாணம். பெண் வீடு இருக்கிற நல்லதண்ணி ஊருக்கு அந்த லொறியில்தான் போகவேண்டும். அட்டன் டவுனிலிருந்து வாங்கிவந்த புதுச் சிலிண்டரைச் சிறில் விடியற்காலையில் மாட்டி முடித்தான். மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். பின்னால் சனம் ஏறி உட்கார்ந்து பாட்டைத் தொடங்கிவிட்டது.

"சரி, கெளம்புங்க" என்றான் சிறில்.

"இல்லங்க. இன்னும் பஞ்சா அமுங்குது. காத்து இருக்கு" என்றாள் டோரீன்.

கணேசமூர்த்தி ஏறி மிதித்துப் பார்த்தான். "இது போதும்க்கா. முகூர்த்தம் போயிரும்."

"முகூர்த்தம் போனா வேற பாக்கலாம். மலை முடக்கு வளைவுல நீ போயிட்டா அந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளைய எங்க தேடுறது?"

"நல்ல நாளும் அதுவுமா வாயப் பாரு!" என்றாள் மாப்பிள்ளையின் தாய் வேலாயி.

"வாய விடுங்க பெரியம்மா, கால நம்புங்க."

சிறில் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி படுத்தான். பின்சக்கரத்துக் குழாயின் நுனியைப் போத்தலுக்குள் விட்டுத் திருகைத் திறந்தான். எண்ணெய் தெளிவாக வந்தது.

"எங்கடி ஒன் காத்து?"

"இருங்க."

இன்னொரு மிதி. இன்னொன்று. அப்புறம் ஒரு பெரிய குமிழி. அதன் பின்னால் சின்னதாய் ஒரு கூட்டம்.

"யம்மாடி! சோடா மாதிரி வருது!" என்று சிறில் கத்தினான். பாடிக்கொண்டிருந்த சனம் எட்டிப்பார்த்துக் கைதட்டியது.

கடைசி மிதியில் பெடல் பாதியிலேயே கெட்டியாய் நின்றது. "இப்பப் போ" என்று இறங்கப்போனவளை வேலாயி விடவில்லை. எண்ணெய்க் கறை படிந்த சேலையோடு டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் பிடித்து உட்காரவைத்தாள்.

முதல் இறக்கத்தில் கணேசமூர்த்தி பிரேக்கைத் தொட்டான். லொறி சொன்னபடி நின்றது. பின்னால் குலவை கிளம்பியது.

"பாத்தியாக்கா? முகூர்த்தத்துக்குப் போயிரலாம். இனி நீ பேசாம சாஞ்சு உக்காரு."

டோரீன் சிரித்தாள், சாய்ந்தும் உட்கார்ந்தாள். அடுத்த வளைவில் அவன் கால் அசையுமுன்பே, அவளுடைய வெறுங்கால் பெடல் இல்லாத தகரத்தரையை அழுத்திப் பிடித்திருந்தது.