கோரிக்கை கடைசியில்

பேத்தி பனங்கற்கண்டை வாயில் அதக்கிக்கொண்டு கூடத்தில் மேலும் கீழும் நடக்கிறாள். தஞ்சாவூரில் ஞாயிறுதோறும் மேடைப்பேச்சு வகுப்பாம். "முதல்ல வணக்கம், அப்புறம் ஒரு கதை. கோரிக்கை கடைசியிலதான் வரணும் தாத்தா, அப்பத்தான் மனசுல நிக்கும்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எவன் சொன்னான்?" என்று கத்திவிட்டேன். பாவம், பிள்ளை மிரண்டுபோனது.

அந்தக் கற்கண்டு வாசனைதான் காரணம். கீழ்வேளூர் பக்கம் எங்கள் படிப்பகத்தில் வகுப்பெடுத்த கட்சிப் பேச்சாளரும் அதைத்தான் சப்புவார். எங்களுக்கு மைக், கவிழ்த்த செம்பு. மேடையில் இருப்பவர்களை வரிசையாக 'அவர்களே' போட்டு விளிக்க வேண்டும், தலைவரை ஒருபடி கூடுதலாகத் தூக்க வேண்டும், பிறகு அடுக்குமொழி, கொஞ்சம் சிரிப்பு, கோரிக்கை கடைசியில். எருமைகளுக்கே 'அவர்களே' போட்டுப் பழகியவன் நான், சிரிக்காதீர்கள்.

குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்த சமயம் அது. பட்டா கைக்கு வருமுன் எங்கள் தெருவைக் காலி செய்துவிட மிராசுதார் துடித்தார். ஆட்சி மாறியதும் அவர் வேட்டியிலும் கட்சிக்கரை ஏறியிருந்தது. மந்திரி வந்த கூட்டத்துக்கு அவரே தலைவர். தெருவே சேர்ந்து என்னை மேடையேற்றியது. "மனையைக் கேளுடா, அது போதும்" என்றார் அப்பா.

வகுப்பில் படித்தபடியே பேசினேன். எங்களைக் கிளப்பப் பார்த்தவரையே 'ஏழைகளின் காவலர் அவர்களே' என்றேன். ஒரே கைதட்டல். "இறுதியாக" என்று நான் ஆரம்பித்தபோது தலைவரிடமிருந்து துண்டுச்சீட்டு வந்தது: 'முடிக்கவும்.' எல்லாக் கூட்டத்திலும் வருகிற சீட்டுதான். நிமிர்ந்தேன், அவர் கண்ணைக் காட்ட, மைக் அடங்கிவிட்டது. "தம்பி பிரமாதமாப் பேசுறாரே!" என்று மந்திரி எனக்குச் சால்வை போர்த்திவிட்டுக் காரேறினார்.

கீழே இறங்கியதும் அப்பா கேட்டார்: "எல்லாரையும் சொன்னே. வூட்டச் சொல்லலியேடா?"

அறுவடை முடிந்ததும் டிராக்டர் வந்து தெருவை இடித்துத் தள்ளியது. பேச்சாளரிடம் ஓடினேன். "ஆனா அன்னிக்கு நீ அடுக்குனது அழகா இருந்துச்சு தம்பி" என்றார். அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

படிப்பகம் போயிற்று, செம்பு மைக் போயிற்று, பேச்சாளரும் போய்ச்சேர்ந்தார். அதற்கெல்லாம் எனக்கு வருத்தமில்லை. எங்கள் தெரு இருந்த இடம் இப்போது இறால் குட்டை. நம் வாசல் எது தாத்தா என்று பேத்தி கேட்டால் காட்ட ஒரு முருங்கைகூட மிச்சமில்லை. தண்ணீரைத்தான் காட்ட வேண்டும்.