எடித் போட்ட நட்சத்திரங்கள்

அரிப்பு என்ற எங்கள் மீன்பிடி ஊரில் கைத்தொலைபேசிகளுக்குக் காற்று எச்சரிக்கைச் செய்தி வருவது எடித்தால்தான். கணினி வேலையை வீட்டிலிருந்தே செய்கிறவள். எங்களுக்காக லிஸ்ப் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினாள். திரை முழுக்க மீன் செதில் கொட்டியது போல அடைப்புக்குறிகள். வேலை செய்யும்போது பாடுவாள். பிழை வந்தால் இன்னும் உரத்துப் பாடுவாள்.

போன மாதம் ஒருநாள் கடல் அசையாமல் கிடக்க, "காற்றுக் கடுமை, போகவேண்டாம்" என்று செய்தி வந்தது. நம்பி நின்றோம். செய்தி போகாத பக்கத்து ஊர்க்காரர் கூடை கூடையாய் நண்டு கொண்டுவந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"உன்ர செய்தியை இனி ஒருத்தரும் பாக்க வேண்டாமெண்டு சொல்லப்போறன்."

பாட்டு நின்றது. "அப்பிடிச் சொல்லாதேங்கோ, டொமினிக் அண்ணை. பிறகு உண்மையா காத்தடிக்கேக்கயும் போயிடுவினம்."

அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நிரலுக்குள் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எந்த வேகத்துக்கு மேல எச்சரிக்கிறதெண்டு ஒரு பெறுமதி இருக்கு. முழு நிரலும் அதைத்தான் பாக்கும். நான் அதுக்குச் சாதாரணப் பேர் வைச்சிட்டன். என்னோட வேலை செய்யிற மதுஷிகா, அது தன்ர சோதனைக்குள்ள மட்டும் இருக்கிற பேரெண்டு நினைச்சுக் குறைச்சு விட்டிட்டா."

"இனி?"

"இப்பிடிப் பேருகளுக்கு ரெண்டு பக்கமும் நட்சத்திரம் போடுறது லிஸ்ப்காரரின்ர வழக்கம். கண்டா யோசிச்சுத்தான் கை வைப்பினம்." *காற்று-எல்லை* என்று மாற்றினாள். "சோதிக்கேக்க, புதுப் பெறுமதியை அந்தச் சோதனை ஓடுற நேரத்துக்கு மட்டும் கட்டுவன். அதுக்குள்ள கூப்பிடுற வேலையெல்லாம் புதுசைத்தான் காணும். முடிஞ்சதும் பழையது தானா வந்திடும்."

"செய்து காட்டு பாப்பம்."

காட்டினாள். எல்லையைக் குறைத்து ஓட்டிய சோதனையில் "போகவேண்டாம்" என்று வந்தது. முடிந்ததும் எல்லை பழையபடி நின்றது. அரை மனதோடு திரும்பினேன். செய்தியைப் பார்க்க வேண்டாமென்று யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை, துடைத்துவிட்ட வானம். செய்தி: "போகவேண்டாம்." கரையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வள்ளத்தில் ஏற்றிய வலையைத் திரும்ப இறக்கினேன். அவர்களும் இறக்கினார்கள். மதியத்துக்குள் காற்று கூரைத் தகரங்களைப் பிய்த்தெறிந்தது. கடலில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை.

அன்றே என் தொலைபேசியில் அவள் பெயரை *எடித்* என்று மாற்றினேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இதென்னப்பா நட்சத்திரம்?"

"ஊர் முழுக்க இந்தப் பேரைப் பாத்துத்தான் கடலுக்குப் போகுது."

"அப்ப வீடு ஆரைப் பாத்து ஓடுது?"

மனைவியின் பெயருக்கும் இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.