சிவப்புப் பட்டும் முதல் வண்டி முட்டையும்

அன்று காலை எங்கள் கோழிப்பண்ணையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர், முட்டை வண்டி டிரைவர், அட்டை ஏற்றும் லோடுமேன், திருச்செங்கோட்டிலிருந்து வந்து இறங்கிய என் நாத்தனார். கூண்டுகளில் நாலாயிரம் கோழிகள்.

முட்டை வியாபாரி முதல் தடவையாக வண்டி அனுப்பியிருந்தார். இருநூறு அட்டை நிறைந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வண்டி வரும். குறைந்தால் எங்கள் மூலைக்கு டீசல் செலவழித்து வரமுடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அட்டைக்கு முப்பது முட்டை. நேற்றையதையும் சேர்த்து நூற்றெழுபது அட்டை ஏற்றியாயிற்று. மிச்சத்தை இனிமேல்தான் கோழிகள் இடவேண்டும். கரண்டு போனால்? தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால்? ஏழாவதோடு பள்ளியை விட்டு நின்றவள் நான். கவலைப்பட மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் நினைத்துப் பார்க்காத ஒன்று வந்தது. நாத்தனார் சிவப்புப் பட்டில், ஜரிகை மின்ன, ஷெட்டை நோக்கி நடந்தார்.

முட்டைக் கோழிக்குப் புது நிறம் ஆகாது. மிரண்டு ஒன்று சிறகடித்தால் மொத்த ஷெட்டும் சிறகடிக்கும். அன்றைக்கு முட்டை அவ்வளவுதான். அதனால் குஞ்சு வந்த நாளிலிருந்து நாங்கள் உள்ளே போட்டுக்கொள்வது வெளுத்த காக்கிச் சட்டைதான், தீபாவளிக்கும்.

நாத்தனார் வீட்டில் பன்னிரண்டு விசைத்தறி. “போர் போடற ரிக் வண்டி ஓட்டறான், லாரிக்குப் பாடி கட்டறான், தறி போடறான், சரி. கோழி மேய்க்கறதெல்லாம் ஒரு தொழிலா?” என்று கேட்டவர். கேட்டுவிட்டு, கூண்டு வாங்க மூன்று லட்சம் கடன் கொடுத்தவரும் அவர்தான். அவரை யார் தடுப்பது? என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

ஓடிப்போய்க் கதவை மறித்தேன்.

“நங்கை, உள்ள போகாதீங்க.”

“ஏன், என் காசுல வாங்குன கூண்ட நான் பாக்கக் கூடாதா?”

“பாருங்க. இந்தச் சீலையோட வேண்டாங்க. கோழி மெரண்டா முட்ட போடாதுங்க.”

“கோழிக்கு எஞ்சீலை புடிக்கலையாமா!” டிரைவர் பக்கம் திரும்பினார். “ஏப்பா, நெசமா?”

“ஆமாங்கக்கா. ஒரு பண்ணையில மஞ்சச் சட்டையோட நொழஞ்சுட்டேன். ஓனரம்மா அடிக்காத கொறைதானுங்க.”

சேலைமேல் போட்டிருந்த என் காக்கிச் சட்டையைக் கழற்றி நீட்டினேன். முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். அதை மாட்டி, கீழே தெரிந்த பட்டின்மேல் காலித் தீவனச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, “எங்கூட்டுக்காரரு பாத்தா, ரிக் வண்டிக்கு ஆளாச் சேந்துட்டேன்னுதான் நெனப்பாரு” என்றார். வாசலிலிருந்த கிருமி மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போனார்.

கோழிகள் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தன. பிறகு எல்லாம் தீவனத்துக்குக் குனிந்தன. அவர் முன்னாலேயே ஒரு முட்டை சரிவில் உருண்டு வந்து நின்றது. எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

“சூடா இருக்குதே சாமி!”

அப்புறம் அவரை வெளியே கூப்பிட முடியவில்லை. அட்டையில் அடுக்குவதும் அவரே, எண்ணுவதும் அவரே. இருநூற்று ஆறு அட்டை. “நாளான்னிக்கு வாரேனுங்க” என்று டிரைவர் வண்டியை எடுத்தார். கரூர் ரோட்டில் ரிக் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே எங்கள் முட்டையும் கேரளாவுக்குப் போனது. அதற்குப் பிறகு அன்று முழுக்க எனக்கு எந்தப் பயமும் வரவில்லை.

வியாபாரி கொடுத்தனுப்பிய பணத்தில் பத்தாயிரத்தை நாத்தனார் கையில் வைத்தேன். எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டார். அது போக அவருக்கு நாங்கள் தர வேண்டியது இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.