பேச்சிக்கா வரைந்த தோள்

பேச்சிக்கா போய்விட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நாற்பத்தோரு வயது... சாயங்காலமே அவர் ஊரான கடையத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்காசியில், ஒரு செல்போன் கடைக்கு மாடியில், நாலு பேர் இருக்கிற சின்ன ஸ்டுடியோ எங்களுடையது. கேம்களில் வருகிற ஆட்களுக்குத் தோல் வரைவதுதான் பேச்சிக்காவுக்கும் எனக்கும் வேலை. ஆறு வருசமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

இந்தப் பதிவை மூன்று தடவை டைப் பண்ணி அழித்துவிட்டேன். டீ குடிக்கக் கீழே போனேன், குடிக்காமலே மேலே வந்தேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

எங்களுக்குள் ஒரே சண்டை. டாட்டூ.

எந்த கேரக்டர் என் கைக்கு வந்தாலும் டாட்டூ இல்லாமல் போகாது. கழுத்தில் சூலம், முழங்கையில் கழுகு... வெறும் தோலைப் பார்த்தால் எனக்கு முடிக்காத வேலை மாதிரி இருக்கும். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது.

"பச்சையக் குத்திட்டா எல்லாரும் அதத்தாம்லே பாப்பாங்க. நான் மூணு நாளா வரைஞ்ச தோல எவன் பாக்கான்?"

"கெத்தா இருக்குல்லாக்கா."

"ஒன் கையில ஒண்ணையுங் காணோம். அடுத்தவன் தோல்னாத்தான் குத்துவியோ?"

அந்த ரோஷத்தில் போன குற்றால சீசனில் ஐந்தருவியில் ஒரு டாட்டூ கடையில் கையை நீட்டி உட்கார்ந்தேன். மிஷினை ஆன் பண்ணின சத்தத்திலேயே எழுந்து வந்துவிட்டேன். ஒரு மாசம் என்னை விடவில்லை அக்கா. கூரியர் கொண்டு வருகிறவரிடம்கூட நடித்துக் காட்டினார்.

அன்றைக்குக் கூட வந்திருந்த அக்கா அருவியையே பார்க்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிற ஆட்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய் முதுகில் தண்ணீர் எப்படி ஓடுகிறது, குளிருக்கு எங்கெங்கே புல்லரிக்கிறது... அவருக்கு அதுதான் குற்றாலம்.

ஒரு பெரியவர் திரும்பி, "என்னம்மா, அப்படிப் பாக்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒங்க முதுகு நல்லா வந்திருக்கு."

அவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு போன வேகம் இருக்கிறதே...

சரி. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாகச் செய்துகொண்டிருந்தது ஒரு படகுக்காரப் பெண். ஐம்பது வயது, கையில்லாத ரவிக்கை, ரெண்டு தோளும் தெரியும். டாட்டூ வேண்டுமா என்று கேட்டதற்கு, "உங்கள் விருப்பம்" என்று எழுதிவிட்டார் கிளையண்ட். வந்தது வினை. ரெண்டு வாரம் சண்டை.

இடது தோளை மட்டும் அக்கா ஒன்பது நாள் வரைந்தார். கயிறு உராய்ந்து கறுத்த இடம், வெயில் படாத ஓரம், கொசு கடித்துச் சொறிந்த புள்ளி, சின்ன வயசில் போட்ட தடுப்பூசித் தழும்பு. எல்லாம்.

நான் அதன் மேல் ஒரு பாம்பை வைத்தேன்.

வைத்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தோல் ஒரு லேயர், டாட்டூ இன்னொரு லேயர். ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாளை அடுக்கின மாதிரி. மேல்தாளை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். சனிக்கிழமை அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பின பிறகு நான் ரெண்டையும் ஒன்றாக மெர்ஜ் பண்ணி, அதே பெயரில் சேவ் பண்ணி, கிளையண்டுக்கு அனுப்பிவிட்டேன். இனிமேல் எடுக்கச் சொல்ல முடியாது என்று தெரிந்தேதான் செய்தேன். கம்ப்யூட்டரில் இடமில்லை என்று பழைய ஃபைல்களை அழித்ததும் நான்தான்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

மெயிலைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் இருந்தே போன் பண்ணினார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"ஏலே மகேசு, அடியில இருந்தது போச்சா?"

"போச்சுக்கா."



"சரி விடு. திங்கக்கெழம வந்து திரும்ப வரையுதேன். நீ அதுல கை வைக்காத, என்ன?"

இன்றைக்குத் திங்கள்கிழமை.

நேற்று கடையத்தில் ஐஸ் பெட்டி பக்கத்தில் நின்றேன். இடது கை சேலைக்கு வெளியே தெரிந்தது. தோளுக்குக் கொஞ்சம் கீழே தழும்பு. வட்டம், ஒரு ஓரம் மட்டும் இழுத்த மாதிரி. அந்த இழுவையை ஒன்பது நாளாகப் பக்கத்து ஸ்க்ரீனில் பார்த்திருக்கிறேன். எங்கேயோ நெட்டில் எடுத்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

தன் தோளைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. தெருமுனைக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். அக்கா வீட்டுக்காரர் அத்தானிடம், அக்கா கை தெரிகிற மாதிரி ஏதாவது போட்டோ இருக்கிறதா என்று கேட்க நாலு தடவை பக்கத்தில் போய்விட்டேன். அந்த மனுஷன் இருந்த இருப்பில் எப்படிக் கேட்பது...

காலையில் கிளையண்டிடம் இருந்து பதில் வந்திருக்கிறது. பாம்பு ஓகேயாம். சூப்பராம். வேலை முடிந்ததாம்.

ரெண்டு நாள் டைம் வேண்டும் என்று எழுதிவிட்டேன். காரணம் எழுதவில்லை.

பாம்பை அழித்தாயிற்று. அந்த இடம் இப்போது வெறும் வெள்ளையாக இருக்கிறது. அரை மணி நேரமாக, ஸ்க்ரீனில் வரைகிற பேனாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பேச்சிக்கா... தழும்புல இருந்து ஆரம்பிக்கேன். ஒங்க அளவுக்கு வராது.

போயிட்டு வாங்க.