சலவைத் தொட்டியில் பெரிய டாக்டர்

என் வீட்டுக்காரர் மனசு சரியில்லை என்றால் கை கழுவுவார். முழங்கை வரை சோப்புப் போட்டு, நகக்கண் விடாமல் தேய்த்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி எதையும் தொடாமல் நிற்பார். ஆபரேஷன் தியேட்டரில் முப்பது வருடப் பழக்கம். அங்கே துவாலை நீட்ட நர்ஸ் உண்டு. வீட்டில் நான்தான். அந்த வாரம் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை நீட்டினேன்.

காரணம், ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி ஹாலில் அவரைத் தலைமை மருத்துவராக அறிவிக்கப் போகிறார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறார். எங்கே? ஆஸ்பத்திரிப் போர்வைகளை அலசும் சிமெண்ட் தொட்டியில். யார் கையால்? சலவைக்காரர் கையால். அவர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குத்தான் இவர் மூன்று வருடமாக ஒளிந்து ஒளிந்து போய்க்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி நிர்வாகச் செயலாளர் போன் செய்தார். "எந்தச் சாமியக் கும்பிட்டாலும் எங்களுக்கு ஒண்ணுமில்ல, டாக்டர். ஆனா நம்ம துணி துவைக்கிற ஆள்கிட்ட, எல்லா வார்டும் பாக்க... அப்படிப் பண்ணா பதவி உங்க ஜூனியருக்குப் போயிடும்."

சலவைக்காரரே கெஞ்சினார். "ஊருக்கு வெளிய ஆறு இருக்குங்கய்யா. சத்தமில்லாம அங்க முடிச்சுக்கலாம்."

"ரெண்டு தெரு தள்ளி வண்டிய நிறுத்திட்டு உங்க வீட்டுக்கு வந்தவன் நான். ஒளிஞ்சது போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க சாமிய நான் வேண்டாம்னு சொல்லல. தொட்டியத்தான் வேண்டாங்கறேன்" என்றேன். கை கழுவப் போய்விட்டார்.

ஞாயிறு காலை, விழாவுக்கென்று வாங்கிய புதுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஹாலுக்குப் போகும் படிக்கட்டடியில் நின்றேன். மனிதர் கடைசி நிமிடத்திலாவது மனம் மாறுவார் என்ற நப்பாசை. ஒரு படி ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். அங்கிருந்து சலவை முற்றம் நன்றாகத் தெரியும். மூன்று மாடி ஜன்னல்களிலும் தலைகள். செயலாளர் மேலே நின்று என்னை வரும்படி கையசைத்தார்.

தொட்டிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் இருவரும் நின்றார்கள். சலவைக்காரர், "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்" என்று சொல்லி, பெரிய டாக்டரின் தலையை முழுதாக முக்கி எடுத்தார். பிறகு, இவரை "ஐயா" என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டறியாத அந்த வாயால், "ஏறி வாங்க, தம்பி" என்றார்.

இவர் வெளியே வந்து நின்றார். சொட்டச் சொட்ட, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, எதையும் தொடாமல்.

துவாலைக்குக் காத்திருந்தார்.

யாரும் எடுத்து வந்திருக்கவில்லை. கொடியில் காய்ந்தவை எல்லாம் ஆஸ்பத்திரித் துணி. சலவைக்காரர் அதைச் சொந்தக் காரியத்துக்குத் தொடமாட்டார். மேலே ஒரு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். அவர் கைகளை இறக்கவில்லை. பச்சைப் பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

படியிறங்கி முற்றத்தின் நடுவே நடந்தேன். சால்வையை எடுத்து அந்தக் கைகளில் போட்டேன்.

"நீ ஹாலுக்குப் போகலையா?"

"முதல்ல தலையத் துவட்டுங்க" என்றேன்.