நடுவர் வீட்டு மீட்டர்

இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெட்டி, முழங்கால் மடங்காமல் தெருமுனையில் அவர் திரும்பும்போது, தூங்குகிற நாய்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்ளும். கையில் டார்ச், காதில் பேனா. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது வேலை. ஒரு நாளைக்கு இருநூறு வீடு. மற்றவர்களுக்கு நூற்றிருபதிலேயே நாக்குத் தள்ளிவிடும். தெரு வைத்த பெயர் வாத்து அண்ணன். "மூணு வருஷம் பயிற்சி எடுத்தாத்தான் இப்படி வாத்தாக முடியும். சும்மா இல்ல," என்பார்.

ஒரு காலத்தில் வேகநடை வீரர். அந்தப் போட்டியில் சட்டம் கறார்: எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கவேண்டும், இரண்டும் எழும்பினால் அது ஓட்டம். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், பெரிய போட்டியொன்றில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். ரிப்பனுக்கு இருபது மீட்டர் இருக்கும்போது நடுவர் சிவப்பு அட்டையை நீட்டிவிட்டார். அன்று முதல், "எந்தக் கால் எழும்புச்சு, காட்டச் சொல்லுங்க பாப்போம்," என்று அவர் கேட்காத ஆள் இல்லை. பல் டாக்டரிடம் வாயில் பஞ்சோடு கேட்டிருக்கிறார்.

அந்த நடுவர் ஓய்வு பெற்று இதே ஊரில் இருக்கிறார். அவர் வீட்டு மீட்டரும் இவர் பொறுப்பில்தான் வருகிறது. பதினோரு வருடமாக, வாசலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுவார். "தண்ணி குடிச்சிட்டுப் போப்பா," என்று பெரியவர் ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் இடுப்பு இன்னும் வேகமாக வெட்டும்.

ஒருநாள் வாத்து அண்ணன் ஒரு சினிமா டைரக்டர் வீட்டு மீட்டர் முன்னால் உட்கார்ந்து நாற்பது நிமிடம் தன் கதையைச் சொல்லிவிட்டார். டைரக்டர் சொக்கிப் போனார். அநியாயமாகத் தோற்கடிக்கப்பட்ட வீரன், வில்லன் நடுவர். இதைவிட என்ன வேண்டும்? கதாநாயகனாக இரண்டு நடிகர்களை நடக்கவைத்துப் பார்த்தார்கள். இருவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில், "அண்ணே, நீங்களே நடிச்சிருங்க," என்றார்கள்.

வீடு தலைகீழானது. தையல்காரியான மனைவி பழைய டிரவுசரை நாலு விரல் பிரித்து விட்டார். கதாநாயகனோ கண்ணாடி முன் நின்று, தானாக நடிப்பதற்கு ஒத்திகை பார்த்தார். தலைக்குச் சாயம் அடித்ததில் காதும் கறுத்தது.

படப்பிடிப்பில் வந்தது வினை. ஆறு தடவை எடுத்தும் டைரக்டருக்குத் திருப்தியில்லை. "அண்ணே, நீங்க உங்கள மாதிரியே இல்ல. பொண்ணு பாக்க வந்தவர் மாதிரி நடக்கறீங்க." பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்றைக்கு ரிப்பன் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்டார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மனைவியைக் காட்டினார். "இவதான். அப்ப கல்யாணம் ஆகல. மஞ்சக் குடை பிடிச்சிட்டு நின்னா."

மஞ்சள் குடை வந்தது. மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே ரிப்பனருகே போய் நின்றார். ஏழாவது தடவை மனிதர் பறந்து வந்தார், முகமெல்லாம் பல். எல்லோரும் கைதட்டினார்கள்.

டைரக்டர் அதை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். ரிப்பனுக்கு இருபது மீட்டரில், குடை கண்ணில் பட்ட இடத்தில், இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பியிருந்தன. காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு செருப்பை நுழைத்துவிடலாம். எட்டாவது தடவையும் அதே இடம், அதே செருப்பளவு.

"கவலப்படாதீங்கண்ணே, இடுப்புக்கு மேல மட்டும் எடுத்துக்கலாம்," என்றார் டைரக்டர்.

வாத்து அண்ணன் மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"என்னப் பாத்துதான குதிச்சீங்க? அத நான் எப்படிங்க தப்புன்னு சொல்லுவேன்?"

இருபத்திரண்டு வருடக் கோபம் போன இடம் தெரியவில்லை. அவருக்குச் சிரிப்புதான் வந்தது. அடக்க அடக்கப் பீறிட்டது. பிரித்து விட்ட டிரவுசரும் தையல் விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டைரக்டரிடம் சொன்னார்: "கால் தெரியற மாதிரியே எடுங்க தம்பி. அந்தப் பெரியவர வில்லனா காட்டினா நான் நடிக்கல."

டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அரை மணி கழித்து எழுந்து, குடைதான் இனி கதை என்றார்.

மறுநாள் மீட்டர் பார்க்கும் நாள். நடுவர் வீட்டில் எண்ணைக் குறித்துக்கொண்டார். திரும்பவில்லை, முதல்முறையாக அழைப்புமணியை அழுத்தினார். கதவு மெல்லத் திறந்தது. பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்வதற்குள், பையிலிருந்து படப்பிடிப்புச் சிவப்பு அட்டையை எடுத்து, தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.