கொடிமரத்தில் ஒரு செருப்பு

போன கிழமை இங்கே ரொறன்ரோவில், அஜின்கோர்ட் தமிழ்க்கடையில் பாஸ்மதி வாங்கினேன். இப்போதெல்லாம் அரிசி சணல் சாக்கில், கைப்பிடியும் ஸிப்பும் வைத்து, விமானம் ஏறப்போகிற ஆள்போல வருகிறது. அரிசியை வாளியில் கொட்டிவிட்டு, என்ன நினைத்தேனோ, வெறுஞ்சாக்குக்குள் மூக்கை விட்டேன். மகள் பார்த்துவிட்டாள். "அம்மா, வாட் ஆர் யூ டூயிங்?" சாக்குப்பேய் ஞாபகம் வந்தது என்று சொன்னால் சிரிப்பாள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் தீவில் மாதா கோயில் பெருநாளுக்குச் சாக்குப்பேய் வரும். தலையிலிருந்து முழங்கால் வரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, காலில் சலங்கை. கச்சான் கடலை விற்பவளின் ஓலைக் கடகத்துக்குள் கைவிடும். பெரிய மனிதர்களின் சால்வையை இழுக்கும். ஒருமுறை சுவாமியாரின் குடையையே தூக்கிக்கொண்டு ஓடியது. யாரும் ஏசக்கூடாது. பேயும் வாய் திறக்கக்கூடாது. அதனிடம் எதையாவது கேட்டால், ஓம் என்பதற்குக் காலைத் தட்டிச் சலங்கையை ஆட்டும், இல்லை என்பதற்கு அசையாமல் நிற்கும். சாக்குக்குள் யார் என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் பேர் சொல்லக்கூடாது. நான் அதைக் கண்டு அம்மாவின் சேலைக்குள் ஒளிந்து, அந்தச் சேலையிலேயே ஒன்றுக்கும் போனவள். இது மகளுக்குத் தெரியவேண்டாம்.

பெரிய குறும்பு கடைசியில்தான். கோயில் வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளுக்குள் பேய் தன் பெண்சாதியின் இடதுகால் செருப்பைத் தேடியெடுத்துக் கொடிமரத்தில் கட்டிவிடும். அவள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு நடக்க ஊர் பகிடி பண்ணும். கொடி இறங்கியதும் புருசன் அதை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். அடுத்தவன் பெண்சாதியின் செருப்பைத் தொட்ட பேய் எங்கள் ஊரில் இருந்ததில்லை.

எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் பேய், சூசை அண்ணை. கொடிமரத்தில் ஏறுவது ராணி அக்காவின் செருப்பு.

பிறகு, யுத்தகாலத்தில், சூசை அண்ணையைக் கடலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தவர்கள் யார் என்பதற்கு ஊரில் இரண்டு கதை இருந்தது. ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. ராணி அக்கா சின்ன மகனோடு ரொறன்ரோவுக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். ஸ்காபரோவில் ஒரு பிஸ்கட் பக்டரியில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பெட்டி மடித்தோம். அந்த வனிலா வாசனை தலைமயிருக்குள் போய்க் குந்திக்கொள்ளும், எத்தனை முழுக்குக்கும் அசையாது. பஸ்ஸில் குழந்தைகள் எங்களையே பார்த்து மூக்கை உறிஞ்சுவார்கள். இன்றைக்கும் வனிலா ஐஸ்கிறீமைக் கண்டால் எனக்குக் கால் உளையும்.

சூசை அண்ணைக்கு ஆத்துமப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி ராணி அக்காவின் தமையன் ஓயாமல் அரித்துக்கொண்டிருந்தார். பூசை கொடுத்தால் ஆள் செத்துப்போனதை ஒத்துக்கொண்ட மாதிரி. கொடுக்காவிட்டால், செத்திருந்தால், அந்த ஆத்துமம் அலையும். இதற்கு நடுவில் கிடந்து ராணி அக்கா எலும்பாகிப் போனார். கடைசியில் ஒருநாள் லஞ்ச் நேரம் என்னிடம் சொன்னார். "இந்தப் பெருநாள் முடியக் குடுக்கப் போறன் பிள்ளை. என்னாலையும் ஏலாது."

அந்தப் பெருநாளை, இரவலாகக் கிடைத்த ஒரு கோயிலின் கார்பார்க்கில் வைத்தோம். ஓகஸ்ட் வெயிலில் தார் இளகியது. கூடாரக் கம்பிகளைப் பொருத்திக் கொடிமரம். மாதாவின் சுருவத்துக்கு முன்னால் விரித்த கம்பளத்தில் ஏறும்போது, கனடா என்பதை மறந்து, எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். பூசை முடிந்து பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தபோது மணிச்சத்தம் கேட்டது. தமிழ்க்கடை வெங்காயச் சாக்கு, காலில் டொலர் கடைக் கிறிஸ்மஸ் மணி. இங்கே பிறந்த ஒரு வாண்டு "பொட்டேட்டோ மான்!" என்று கத்தியது. பெரியவர்கள் சின்னப்பிள்ளைகள்போல விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

சாக்குக்குக் கீழே தெரிந்த பக்டரி பூட்ஸை வைத்து ஆளைப் பிடித்துவிட்டேன். எங்களோடு, பிஸ்கட் சுடும் அவண் பக்கம் வேலை செய்த டொமினிக் அண்ணை. மன்னார்க்காரர், பகிடிக்காரர். அவர்கள் ஊரிலும் பேய் உண்டு, ஆனால் அது கையில் அகப்பட்ட செருப்பைக் கட்டுமாம். அது எங்களுக்கு அப்போது தெரியாது. எங்கள் வழக்கம் அவருக்கும் தெரியாது. குவியலுக்குள் கையைவிட்டு நீலவார் றப்பர் செருப்பு ஒன்றை எடுத்துக் கொடிமரத்தில் கட்டினார். இடதுகால் செருப்பு. ராணி அக்காவுடையது.

எங்கள் ஊர்ச் சனம் அப்படியே அடங்கிப்போனது. ராணி அக்காவின் தமையன் பாய்ந்தார். "டேய், ஆரின்ரை செருப்பெண்டு தெரியுமோ உனக்கு?"

பேய் தலைச்சாக்கைக் கழற்றக் கையைத் தூக்கியது. அதற்குள் ராணி அக்கா முன்னால் வந்துவிட்டார்.

"கழட்டாதேங்கோ."

கை இறங்கியது.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு நாளும் எங்கை இருந்தனீங்கள்? மகன் பள்ளிக்கூடம் போறான். சண்டை பிடிக்கிறதும் இங்கிலீசிலைதான். அண்ணன் பூசை குடுக்கச் சொல்லுறார். குடுக்கட்டோ?"

கையில் பாற்சோற்றுத் தட்டோடு நான் பக்கத்திலேயே நின்றேன். எல்லோரும் அந்தப் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தோம். மணி அசையவில்லை.

"சரி," என்றார் ராணி அக்கா. "அப்ப குடுக்கமாட்டன்."

ஒற்றைச் செருப்போடு கொதிக்கிற தாரில் பஸ்தரிப்புக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் உடம்பு வைச்சிட்டார், என்ன?" என்றார். பகிடியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை டொமினிக் அண்ணை என்னிடம் வந்து நின்றார், கண்ணெல்லாம் சிவந்து. "பிள்ளை, நான் பயத்திலை அசையாமல் நிண்டனான். அது பதிலில்லை. அவவிட்டைச் சொல்லம்மா." சொன்னேன். ராணி அக்கா பெட்டி மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும். பூட்ஸ் தெரிஞ்சதுதானே. ஆனால் நான் கேட்டது அவரிட்டை."

அதற்குப் பிறகு டொமினிக் அண்ணை சாக்குப் போடவில்லை, வேறு யாருக்கும் துணிவு வரவில்லை. செருப்பை அவிழ்க்க உரியவர் இல்லாததால் அது கொடியோடு சேர்த்துச் சுருட்டிப் பெட்டிக்குள் போனது. சில வருடங்கள் கொடியை விரிக்கும்போதெல்லாம் அதுவும் வெளியே விழும், யாராவது திரும்ப உள்ளே வைப்பார்கள். புதுக்கொடி வாங்கிய வருடம் பழைய பெட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. பக்டரி இருந்த இடத்தில் இப்போது கொண்டோ அடுக்குமாடி. பெருநாள் பெரிய ஹோலுக்கு மாறிவிட்டது, சப்பாத்தை யாரும் கழற்றுவதில்லை.

ராணி அக்கா போன பனிக்காலத்தில் பிக்கரிங்கில் மகன் வீட்டில் கண்ணை மூடினார். கடைசி வரை பூசை கொடுக்கவில்லை. அடக்கத்துக்கு முதல்நாள் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். தகப்பனின் முகம்கூட நினைவில்லாத பிள்ளை.

"அன்ரி, பூசையிலை அப்பான்ரை நேமையும் சேர்க்கட்டோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. அசையாமல் நின்றேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, "ஓகே அன்ரி," என்று உள்ளே போனான்.

பூசையில் அவன் அம்மாவின் பேர் மட்டும் வாசிக்கப்பட்டது. சூசை அண்ணையிடம் கேட்க இனி ராணி அக்காவும் இல்லை, பதில் சொல்ல மணி கட்டிய காலும் இல்லை.